கிணற்றின் வாயும் வயிறும்

ஓய்வு பெற்ற அன்று சுகாதார நிலையத்தில் எனக்குச் சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். டாக்டர், நர்சுகள், வார்டு மெம்பர், எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை. பின் வரிசையில் யாரோ, "கெணத்துக்குள்ள பாத்துப் பேசச் சொல்லியிருந்தா பேசியிருப்பாரு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மைதான் அது.

மறுநாள் ரம்யா வீட்டுக்கு வந்தாள். எங்கள் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர், பாலக்காட்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துப் பெண். "பேசத்தான் மாட்டேன்னுட்டீங்க. எழுதியாச்சும் குடுங்கண்ணா. எங்களுக்கு ஆகுமுங்க" என்றாள். அவள் கைபேசியில் ஒரு கணக்கு இருக்கிறது. கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் போட்டால், எத்தனை கிராம் பிளீச்சிங் பவுடர் என்று அதுவே சொல்லிவிடும். பல கிணறுகளில் நான் சரிபார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அது தப்பாகச் சொன்னதில்லை. ஆனால் அது இரண்டே கேள்விதான் கேட்கிறது. மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். வாக்கியம் எங்கேயாவது இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வந்த புதிதில் என்னைச் சுவருக்குக் கொசு மருந்து அடிக்க அனுப்பினார்கள். சுவருக்குப் பரப்பு தெரிந்தால் போதும். நாலு சுவரின் நீளத்தையும் கூட்டி உயரத்தால் பெருக்க வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் இரண்டு பக்கச் சுவர் மேலே முக்கோணமாக ஏறும். அதற்கு அடியகலத்தை உயரத்தால் பெருக்கிப் பாதி எடுக்க வேண்டும். கதவைக் கழிக்காதே, கதவுக்குப் பின்னாலும் கொசு உட்காரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு மழைக்காலம் அப்படிப் போனது. பிறகு கிணறுகளுக்கு அனுப்பினார்கள். கிணற்றுக்குப் பரப்பு போதாது, கொள்ளளவு வேண்டும். அன்றைக்கு எல்லோரும் போட்டது தீப்பெட்டிக் கணக்கு. கிணற்றில் இறக்கியிருக்கும் சிமெண்டு உறை ஒன்றுக்கு அரைத் தீப்பெட்டி பவுடர். தண்ணீருக்குள் எத்தனை உறை மூழ்கியிருக்கிறது என்று எட்டிப்பார்த்து எண்ணிக் கொட்டிவிட்டு வந்துவிடுவோம். எங்கள் பக்கம் பாதிக் கிணறுகளுக்கு உறையே கிடையாது. கல்லால் கட்டியது, பாறையில் வெட்டியது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம். அதற்கும் அதே தீப்பெட்டிதான்.

அப்போதுதான் செல்லையா சார் ஹெல்த் இன்ஸ்பெக்டராக வந்தார். இடுக்கியில் ஏலப்பாறைக்காரர். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். என்னைவிட வயதில் சின்னவர். அதனால் என்னை 'அண்ணாச்சி' என்பார். எங்கள் ஊர் ஆட்களுக்கு அவர் பேச்சு வேடிக்கை. பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார். "லா சார் வந்துட்டாருங்க, வாளிய எடுத்து உள்ள வெய்யுங்க" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் தீப்பெட்டியைப் பார்த்த முதல் நாள் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது பீடி பத்த வைக்கத்தான் அண்ணாச்சி. இனி நாடா வச்சு அளப்போம்."

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். கிணற்று வாயின் குறுக்கே நாடாவைப் பிடித்து ஒரு தடவை அளக்க வேண்டும். பிறகு அதற்குக் குறுக்காக இன்னொரு தடவை. எந்தக் கிணறும் சரியான வட்டம் இல்லை, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் விட்டம். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, கயிறு தளரும் வரை இறக்க வேண்டும். மேலே இழுத்து நனைந்த பாகத்தை மட்டும் அளந்தால் தண்ணீரின் ஆழம். எல்லாம் மீட்டரில். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, எழுநூற்று எண்பத்தைந்தால் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும்.

ஏன் எழுநூற்று எண்பத்தைந்து என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம். அவரே ஒரு நாள் மண்ணில் குச்சியால் சதுரம் போட்டு, அதற்குள் நாலு பக்கமும் தொடுகிற மாதிரி வட்டம் போட்டார். "பாரும் அண்ணாச்சி. சதுரமா இருந்தா கனமீட்டருக்கு ஆயிரம் லிட்டர். வட்டமாச்சுன்னா நாலு மூலையும் வெளிய போயிருதுல்லா? அந்த மூலைகளைக் கழிச்சா மிச்சம் எழுநூத்தி எம்பத்தஞ்சு. அவ்வளவுதான் சங்கதி." அந்த நாலு மூலையையும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாராவது இப்படிக் கழித்துக் காட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் படித்திருப்பேன் என்று தோன்றியது.

ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பவுடர். நோய் வந்த தெருவென்றால் இரட்டிப்பு. அதைச் சின்னத் தராசில் நிறுப்பார். "ஏனுங்க சார், தாலிக்குத் தங்கம் நிறுக்கறீங்களா?" என்பார்கள். நிறுத்த பவுடரை வாளியில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மாவு மாதிரி குழைக்க வேண்டும். பிறகு முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தால் சுண்ணாம்பு அடியில் இறங்கும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கு அடியில் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். அது என் வேலை. ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. பிறகு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டினால் மஞ்சள் நிறம் வரும். வந்தால் சரி. கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியம் சொல்வார்: "என்ன இருந்தாலும் கொதிக்க வச்சுக் குடிங்க." கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன வாக்கியம். யார் காதிலும் விழாது.

அவரிடம் ஒரே ஒரு குறை இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப்பார்க்க மாட்டார். வாயிலிருந்து இரண்டு எட்டு தள்ளித்தான் நிற்பார். நாடாவின் ஒரு நுனியை நீட்டுவார், மறு நுனியை நான் சுற்றிப் போய்ப் பிடிப்பேன். பார்ப்பது நான், கணக்குப் போடுவது அவர். அப்படியே பழகிவிட்டோம். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது என்று சொல்ல வேண்டும். சார் எனக்காகக் கணக்குப் போடுகிறார், நான் சாருக்காகப் பார்க்கிறேன்.

ஒரு வருடம் மழை முடிந்த சமயம், வேலந்தாவளம் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு தெருவில் மஞ்சள் காமாலை வந்தது. மலையாள டாக்டர் 'மஞ்ஞப்பித்தம்' என்று சொல்லி, எல்லாக் கிணற்றுக்கும் அன்றே மருந்து போடச் சொன்னார். தெருவின் கடைசியில் தெய்வானையம்மா வீடு. வீட்டுக்காரர் இறந்து சில வருடமாயிற்று. மகன் சின்னராசு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன். மருமகள் கவிதா ஆறு மாதக் கர்ப்பம். தெருவில் நோய் வந்துவிட்டது என்று பயந்து அவளைக் கொல்லங்கோட்டில் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார்கள்.

தெய்வானையம்மாவுக்கு வாய் அதிகம். சார் தள்ளி நிற்பதைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க சார், அக்கட்டாலயே நின்னுட்டீங்க? எங்க கெணறு உங்களப் புடிச்சுத் திங்கவா போவுது?"

"எங்க ஊர்ல தண்ணி மலை மேல இருந்து இறங்கி நம்மகிட்ட வரும் தாயீ. இங்ஙன பாதாளத்துலல்லா கெடக்கு. எட்டிப் பாத்தாத் தலை சுத்துது."

"அப்ப எங்க ஆறுச்சாமியப் பாக்கச் சொல்லுங்க. அவன் வெளிய இருந்தாலும் பேச மாட்டான், உள்ள உழுந்தாலும் சத்தம் போட மாட்டான்."

நான் எட்டிப்பார்த்தேன். மழைத் தண்ணீர் நல்ல உயரத்துக்கு நின்றது. பாறைச் சுவர் நேராக இறங்கித் தண்ணீருக்குள் மறைந்தது. விட்டம் இரண்டு மீட்டர், குறுக்காக அளந்தாலும் அதே இரண்டு. கயிறு மூன்று மீட்டர் நனைந்தது. நாலைந்து தலைமுறையாக அந்தப் பக்கம் வெட்டிய கிணறுகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும். மருமகளுக்காகப் புதிதாகக் கட்டிய கக்கூசின் குழி எத்தனை தூரம் என்றும் சார் அளக்கச் சொன்னார். ஏழரை மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. கிணற்று வாயிலிருந்து எட்டு இருந்தது.

"எந்தக் கோடைக்கும் நம்ம கெணறு வத்தாதுங்க சார்" என்றார் தெய்வானையம்மா. "தெருவே வத்துனாலும் கொடத்தோட இங்கதான் வருவாங்க. எல்லாம் எங்கூட்டுக்காரரு கைவேலைங்க."

"நல்ல கெணறுதான்" என்றார் சார், தராசைப் பார்த்துக்கொண்டே. எல்லா வீட்டிலும் கிணற்றைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். இந்த வீட்டில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

பவுடர் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்துக் குழாயில் மஞ்சள் வந்தது. சின்னராசு பக்கத்தில் வந்து நின்றான். கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சார், கவிதாவக் கூட்டிட்டு வரலாமுங்களா? தெனமும் போன் பண்ணி அழுவறா. அங்க இருக்க முடியலைங்கறா."

சார் குழாயை வெளிச்சத்தில் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தார். "வரட்டும். அளவு சரியா இருக்கு, நெறமும் வந்துருச்சு." வண்டியில் ஏறும்போது வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார், கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி.

"இந்தத் தண்ணியவா?" என்று தெய்வானையம்மா சிரித்தார். "ருசி செத்துப் போயிருமுங்க."

சாரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கவிதா வந்தாள். சில வாரம் நன்றாக இருந்தாள். பிறகு ஒரு காலையில் சின்னராசு அவளை ஆட்டோவில் தூக்கி வந்தான். கண் முழுக்க மஞ்சள். டாக்டர் பார்த்த உடனே பாலக்காடு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கர்ப்பிணிக்கு இந்த நோய் வந்தால் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

சார் அன்றைக்கு எங்கேயும் போகவில்லை. நிலையத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து, மண்ணில் கணக்குப் போட்டார். இரண்டு இரண்டாகப் பெருக்கி, மூன்றால் பெருக்கி, எழுநூற்று எண்பத்தைந்தால் பெருக்கினார். காலால் அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான். ஒன்பதாயிரத்து நானூற்றுச் சொச்சம் லிட்டர்.

"கணக்கு சரியாத்தான் வருது அண்ணாச்சி" என்றார்.

தப்பாக வந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று பட்டது. நான் பக்கத்தில் நின்றேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கோடை வந்தது. தெய்வானையம்மா கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றபோது, அடி வால்வைப் பார்க்கச் சின்னராசு உள்ளே இறங்கினான். இறங்கியவன் நேராக எங்களிடம் வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"சார், ஒரு தடவ வந்து பாருங்க. அப்பா பஞ்சத்துல உள்ள எறங்கிக் குடைஞ்சாருன்னு தெரியுமுங்க. அப்ப நான் சின்னப் பையன். இத்தன பெருசுன்னு எனக்குத் தெரியாதுங்க."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வற்றுகிற வருடம், கிணற்றை ஆழமாக்கப் பாறை விடாவிட்டால், ஊற்றுக் கண் இருக்கும் பக்கமாகச் சுவரைக் குடைந்துகொண்டு போவார்கள். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாய் அதே அகலம்தான் இருக்கும். உள்ளே மட்டும் கிணறு பக்கவாட்டில் வளர்ந்திருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் அதை மூடிவிடும்.

நாங்கள் போனபோது தண்ணீர் முழங்கால் ஆழம்தான் இருந்தது. நான் முதலில் இறங்கினேன். கீழே நின்று சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் முழுக்க வாயைப் பிளந்த மாதிரி குடைவு. உள்ளே நாலு பேர் உட்காரலாம். கடப்பாரை பட்ட தழும்புகள் வரிசை வரிசையாக இருந்தன. எத்தனை பாடுபட்டிருக்கிறார் அந்த மனிதர்.

நான் அளந்து சொல்லலாம் என்றுதான் நாடாவைக் கையில் வைத்திருந்தேன். மேலே நிமிர்ந்து பார்த்தால், சார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"வேண்டாங்க சார், நான் அளந்துக்கறேன்" என்று கத்தினேன்.

சின்னராசு அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். ஏணியில் அவர் கால் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கியது. முகத்தைச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டே வந்தார். தண்ணீரில் கால் பட்டதும் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் திறந்து குடைவைப் பார்த்தார்.

பிறகு நாடாவின் நுனியை வாங்கினார். முதல் தடவையாகக் கிணற்றுக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு நுனி பிடித்தோம். குடைவு சுவருக்குள் இரண்டு மீட்டர் போனது. அகலம் மூன்று, உயரம் இரண்டரை.

"பெட்டியா வச்சா பதினஞ்சு கனமீட்டர்" என்று முணுமுணுத்தார். "பெட்டி இல்ல இது. ஓரமெல்லாம் உருண்டு போயிருக்கு, பாதிக் குடம் மாதிரி. பெட்டிக்குள்ள பந்து வச்சா எட்டு மூலையும் வெளிய போயிரும், பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும். ரெண்டையும் பாதியா வெட்டுனாலும் அதே பங்குதான்." உதடு அசைந்தது. "ஏழாயிரத்து எண்ணூறு லிட்டர் அண்ணாச்சி."

நாங்கள் கணக்குப் போட்டு மருந்து போட்டது ஒன்பதாயிரத்து நானூறுக்கு. அதில் முக்கால் பங்குக்கும் மேலான அளவு தண்ணீர் கூடுதலாக, எங்கள் கணக்கிலேயே இல்லாமல் அந்தக் குடைவுக்குள் நின்றிருக்கிறது. நான் வாளியை ஆட்டியது நடுவில்தான். குழாயில் பிடித்ததும் நடுத்தண்ணீர்தான். அங்கே மருந்து இருந்தது, மஞ்சள் வந்தது. குடைவு போன திசையையும் சார் பார்த்தார். கக்கூஸ் குழி இருந்த பக்கம். மேலே எட்டு மீட்டர். கீழே ஆறுதான்.

மேலே ஏறி வந்ததும், ஈரக் காலோடு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். தெய்வானையம்மா சற்றுத் தள்ளி நின்றார். கடைசியில் மெல்லச் சொன்னார்.

"அவரு உள்ள குடைவாருங்க. நான் மேல நின்னு கூடை கூடையா மண்ணு இழுப்பேன். கையெல்லாம் கொப்புளிச்சுப் போயிருமுங்க. நல்லதுக்குத்தான் பண்ணுனோம்."

"நல்லதுதான் தாயீ" என்றார் சார். "நான்தான் கேக்கல. வத்தாதுன்னு சொன்னீக. ஏன் வத்தாதுன்னு நான் கேட்டிருக்கணும்லா."

யார் மேல் குற்றம் சொல்வது? அந்த அம்மாள் மறைக்கவில்லை, வாய் நிறையச் சொன்னார். சார் அளவைக் குறைக்கவில்லை. சின்னராசு கேட்காமல் மனைவியைக் கூட்டி வரவில்லை. நோயை விரட்ட வந்த வீட்டில்தான் அது நடந்தது.

அந்தக் கோடையிலேயே குடைவைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார்கள். எத்தனை லோடு வேண்டும் என்று கணக்குச் சொன்னதும் சார்தான். ஆட்கள் கல்லை இறக்கியபோது தெய்வானையம்மா வெளியே வரவில்லை. கக்கூஸ் குழியை வேறு பக்கம் மாற்றினார்கள். அடுத்த கோடையில் அந்தக் கிணறு முதல் தடவையாக வற்றியது. எந்தக் கோடைக்கும் வற்றாது என்று பேசிய அம்மாள், குடத்தை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக் குழாய் வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமில்லை. அவருக்கும் கூச்சம்தான்.

கவிதா அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்லி, சின்னராசுவும் அவளும் கொல்லங்கோட்டுக்கே போய்விட்டார்கள். செல்லையா சார் மலைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "அங்ஙன ஊத்துத் தண்ணி அண்ணாச்சி. எட்டிப் பாக்க வேண்டியதில்ல" என்றார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது முகத்தில். நீங்கள் இறங்கினீர்களே சார், அது போதாதா என்று சொல்ல நினைத்தேன். பஸ் வந்துவிட்டது. அவருடைய போன் நம்பர் என்னிடம் இருந்தது. பண்டிகைக்குப் பண்டிகை எடுத்துப் பார்ப்பேன். கூப்பிட்டால் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வைத்துவிடுவேன். பிறகு ஒரு நாள் கூப்பிட்டபோது அந்த நம்பர் இல்லை என்று சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு நான் போன கிணற்றிலெல்லாம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நாடாவை எடுப்பேன். "உள்ள யாராச்சும் எறங்கிக் குடைஞ்சிருக்காங்களா?" வாயே திறக்காதவன் இதை மட்டும் கேட்கிறானே என்று சிரிப்பார்கள். "கெணத்துக்கு வகுறு இருக்குதான்னு கேக்கறான் பாரு" என்பார்கள். இருந்தது. ஒன்றிரண்டில் அல்ல, பல கிணறுகளில் இருந்தது. ரம்யா, உன் போன் கேட்காத மூன்றாவது கேள்வி இதுதான்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசியில் பெய்யும் துலா மழை ஓய்ந்த பிறகு ரம்யாவும் நானும் அந்தத் தெருவுக்குப் போனோம். என் வேலையின் கடைசி மாதம். தெய்வானையம்மா வீட்டு வாசலில் கவிதா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிறகு பிறந்த பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போகிற வயது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்திருக்கிறார்கள். வரும்போதெல்லாம் குழந்தைக்குத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து, அது தீர்வதற்குள் கிளம்பிவிடுவார்களாம். தெய்வானையம்மாவே ரம்யாவிடம் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை.

அளந்தோம், பவுடர் போட்டோம், ஒரு மணி நேரம் இருந்தோம். குழாயில் நல்ல மஞ்சள் வந்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டி, "அம்மா, தண்ணி" என்றது. ஒரு சொட்டுதான் விழுந்தது.

தெய்வானையம்மா கிணற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆறுச்சாமி, நீ சொன்னா அவ கேப்பா. குடிக்கலாம்னு ஒரு வார்த்த சொல்லிரு சாமி."

ரம்யா குழாயை நீட்டிக்கொண்டு நின்றாள். கவிதா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கலாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அளவு சரி, நிறம் சரி, குடைவும் அடைத்தாயிற்று. இருந்தும் முடியவில்லை.

"கொதிக்க வெச்சுக் குடுங்கம்மா" என்றேன்.

ருசி செத்துவிடும் என்று சிரித்த அம்மாள் குடத்தில் தண்ணீரை இறைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த சாரு இப்ப எங்கிருக்காருங்கண்ணா?" என்று கவிதா கேட்டாள்.

"மலையிலதான் இருப்பாருங்க. எனக்குத் தெரியலீங்க."

"கெணத்தக் கண்டாலே பயமாமே அவருக்கு. இருந்தும் எறங்குனாருன்னு அத்த சொல்லுச்சு." குழந்தையின் முடியை ஒதுக்கிவிட்டாள். "அவரப் பாத்தா, நான் கேட்டேன்னு சொல்லுங்க."

சரி என்று தலையாட்டினேன்.

கொல்லங்கோடு பஸ்ஸின் ஹாரன் சந்தைப் பக்கம் கேட்டது. எழுந்து ஓடினால் பிடித்திருக்கலாம். கவிதா குழந்தையின் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. நான் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் ஆறும் வரை நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போனேன்.